கரைத்துக் குடித்தவர்கள்

தேவலோகத்தில் பிரகஸ்பதி பெரிய ஆள். தேவர்களுக்கெல்லாம் குரு. இந்திரனே எழுந்து நின்று வணக்கம் போடவேண்டிய பதவி. வாரத்தில் வியாழக்கிழமையை அவர் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்ததும் என்ன ஆனார்? கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைத் தப்பாகத் திருகி, உஸ்ஸென்று சத்தம் கேட்டதும் அடுப்படியை விட்டு வெளியே பாய்கிற கணவனைப் பார்த்து, "தள்ளுங்க... வந்துட்டாரு பெரிய பிரகஸ்பதி" என்று மனைவி சொல்லும் இடத்தில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம்.

மேதாவிக்கும் இதே கதிதான். அகராதியைத் திறந்தால் பேரறிவாளர் என்று பொருள் போட்டிருக்கும். ஆனால் "நீங்க மேதாவியாச்சே!" என்று யாராவது நம்மிடம் சொன்னால் நன்றி சொல்ல வாய் வருவதில்லை. என்ன தப்புப் பண்ணினோம் என்றுதான் மனசு தேடுகிறது. முன்னால் ஓர் 'அதி'யைச் சேர்த்துவிட்டால் கைகலப்பு நிச்சயம். வித்துவான், பண்டிதர், புலவர், ஞானி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 'பெரிய' என்று ஒட்டி, கடைசி எழுத்தைச் சற்றே இழுத்தால் பூமாலையாக வந்த சொல் செருப்பு மாலையாகிவிடும். பிரசங்கம் செய்வது புண்ணிய காரியம். அளவு ஒரு படி கூடினால் செய்தவர் அதிகப்பிரசங்கி.

படித்ததைப் பீற்றிக்கொள்கிறவனைத் திட்டுவதற்கென்று தமிழன் புதிதாகச் சொல் செய்ய அவ்வளவாக மெனக்கெடவில்லை. அரைவேக்காடு, முந்திரிக்கொட்டை என்று கைக்குக் கிடைத்ததில் இரண்டை எடுத்துக்கொண்டான். மீதி வேலைக்கெல்லாம் அவரவர் வாங்கிய பட்டமே போதும் என்று விட்டுவிட்டான். காரணம், பட்டம் வாங்கியவர்கள் இரண்டாயிரம் வருடமாக அடித்த கூத்து அப்படி. அதை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு தெருவில் நின்றவன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் வைத்த வட்டிதான் இது.

கூத்து பூம்புகாரில் ஆரம்பிக்கிறது. கரிகாலன் காலத்துத் துறைமுகத்தில் பறந்த கொடிகளைப் பட்டினப்பாலை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறது. தெய்வத்துக்கு ஒரு கொடி. பல கேள்வியும் கேட்டுக் கரைகண்ட ஆசிரியர்கள், "வாதத்துக்கு யாராவது வருகிறீர்களா?" என்று நட்டு வைத்த கொடி. கரையில் கட்டிய கப்பல்களின் பாய்மரக் கொடி. அப்புறம், மீனை நறுக்கிக் கறியைப் பொரிக்கிற சத்தத்துக்கு நடுவே கள்ளுக்கடைக் கொடி. அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் வாத்தியார் கொடியையும் கள்ளுக்கடைக் கொடியையும் ஒரே பட்டியலில் சேர்த்ததற்கு உரையாசிரியர்கள் காரணம் சொல்லமாட்டார்கள், பெரிய மனுஷர்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: இரண்டு கொடிக்குக் கீழேயும் நுழைகிறவன் திரும்பி வரும்போது குரலை உயர்த்திப் பேசிக்கொண்டுதான் வருவான்.

கொஞ்ச காலம் கழித்து அதே ஊரில் இந்திரவிழா. இருபத்தெட்டு நாள் கொண்டாட்டம். முரசறைகிறவர் ஊருக்கு அறிவிப்புச் செய்வதை மணிமேகலை விவரமாகவே சொல்கிறது. தெருவில் புது மணல் பரப்புங்கள், பந்தல் போடுங்கள், தோரணம் கட்டுங்கள் என்றெல்லாம் சொல்லி வருகிறவர், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறச் சொல்கிறார். அதோடு நிறுத்தாமல், எதிரில் பகையாளியே வந்தாலும் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பந்தல் போடுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை தேவைப்பட்டிருக்காது. இன்றைக்கு நடுவர் மேஜையைத் தட்டிச் செய்கிற வேலையை அன்றைக்கு முரசைத் தட்டி முன்கூட்டியே செய்திருக்கிறார்கள்.

கொடி பிடிக்கக் கம்பம் வேண்டும், துணி வேண்டும். அதைவிடச் சிக்கனமான வழியைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண். குண்டலகேசி. இவர் பெயரில் இருந்த காப்பியம் ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று என்று பரீட்சைக்கு எழுதுகிறோமே தவிர, நூல் தொலைந்து, உதிரிப் பாடல்கள் சிலதான் மிச்சம். ஆனால் கதை பௌத்த நூல்களில் பத்திரமாக இருக்கிறது. தன்னை மலையுச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிடப் பார்த்த திருட்டுக் கணவனை, 'கடைசியாக ஒரு தடவை சுற்றிவந்து கும்பிட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பின்னால் போய் அவனையே தள்ளிவிட்ட அம்மாள் இவர். அதன்பிறகு துறவறம் பூண்டு, தர்க்கம் படித்து, ஊர் ஊராகப் போனார். ஊர் வாசலில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை ஊன்றிவிட்டு உள்ளே பிச்சைக்குப் போய்விடுவார். வாதத்துக்கு வருகிறவன் கிளையை மிதிக்கவேண்டும். பக்கத்தில் விளையாடுகிற பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளை வாடும்வரை யாரும் மிதிக்காவிட்டால் புதுக் கிளை ஒடித்துக்கொண்டு அடுத்த ஊர்.

ஆளைத் தெரிந்த எவனும் மிதிக்கவில்லை. மலையுச்சிக் கதையும் கூடவே பரவியிருக்குமல்லவா? கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் வந்தார். அவரும் தானாக மிதிக்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னார். அம்மாள் கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னார். பிறகு, "நான் ஒன்று கேட்கிறேன். ஒன்று என்பது என்ன?" என்றார். ஆயிரம் கேள்விக்குத் தயாராக வந்தவர் இந்த ஒன்றாம் வகுப்புக் கேள்வியில் விழுந்தார். அங்கேயே சங்கத்தில் சேர்ந்துவிட்டார். கதை இதோடு முடியவில்லை. பிற்காலத்தில் சமணர்கள் நீலகேசி என்று ஒரு காப்பியம் செய்து, அதில் தங்கள் நாயகியை அனுப்பி, பௌத்தத்தில் சேர்ந்திருந்த குண்டலகேசியை மறுபடி வாதத்தில் தோற்கடித்துக்கொண்டார்கள். எதிராளி காப்பியம் காணாமற்போக, பதில் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. வாதத்தில் கடைசிச் சொல் நம்முடையதாக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட முழுமையான ஏற்பாடு இருக்க முடியாது.

இப்படி எல்லாரும் பேசத் தொடங்கியதும் இலக்கணக்காரர்களுக்குக் கை அரித்தது. வகை பிரிக்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. பாட்டியல் நூல்களில் புலவர்களை நான்காகப் பிரித்தார்கள்: கவி, கமகன், வாதி, வாக்கி. பாடுகிறவன் கவி. காரணமும் எடுத்துக்காட்டும் காட்டித் தன் கட்சியை நிறுத்திப் பிறன் கட்சியை உடைக்கிறவன் வாதி. அறம் பொருள் இன்பம் வீடு பற்றிக் கேட்கிறவர் ஆசைப்படும்படி இனிக்க இனிக்கப் பேசுகிறவன் வாக்கி. இந்த மூவரையும் நமக்குத் தெரியும். நடுவில் நிற்கிற கமகன் யார்?

தான் படிக்காத நூலுக்கும் தன் மதிநுட்பத்தால் பொருள் விரித்துச் சொல்கிறவன் கமகன்.

இதை இலக்கணக்காரர்கள் பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பல நூல் கற்றுப் பழகிய ஆழத்தால் புது நூலையும் திறந்து காட்ட வல்லவன் என்பது அவர்கள் கருத்து. ஆனால் விளக்கத்தை எழுதி வைத்துவிட்டுப் போனபிறகு அது யார் யார் கையில் சிக்கும் என்பது எழுதியவர் வசத்தில் இல்லையே! கல்லாத நூலைக் கற்றவன்போல் உரைப்பது என்றால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மூச்சில் ரிசர்வ் வங்கிக்கும் நாசாவுக்கும் இந்தியக் கிரிக்கெட் அணிக்கும் வழி சொல்கிறவர்களை வேறு எந்த வகையில் சேர்ப்பது? வாட்ஸப் குழுவுக்கு ஒரு கமகனாவது உண்டு. எங்கள் குடும்பக் குழுவில் மூன்று பேர், அதில் ஒருவர் என் சித்தப்பா. புத்தக அட்டையைப் பார்த்து மதிப்புரை எழுதுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை. எல்லாருமே இலக்கண சுத்தமான கமகர்கள். பாட்டியல்காரர்கள் கெட்ட கவிகளுக்கும் பெயர் வைக்கத் தவறவில்லை. பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்கிறவன் கள்ளக்கவி. அறிவில்லாமல் புன்சொல்லை அடுக்குகிறவன் வெள்ளைக்கவி. ஆனால் கள்ளக்கமகன் என்று ஒரு வகையை வைக்க மறந்துவிட்டார்கள். அன்று செய்த அந்தக் கவனக்குறைவுக்கு நாம் இன்றுவரை அனுபவிக்கிறோம்.

வகை பிரித்தும் கூட்டம் குறையவில்லை. அடுத்து தண்டனை வந்தது. பழைய தனிப்பாட்டு ஒன்று அந்தப் பொற்காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறது. அரைகுறைப் பாட்டோடு வந்தால் தலையில் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இருந்தான். காதைத் தோண்டி அறுக்க வில்லி இருந்தான். இரண்டு இரண்டு பேராகக் குடுமியை முடிந்து தலையை வெட்ட ஒட்டக்கூத்தன் இருந்தான். இப்போது மூவரும் இல்லை. ஏமாற்றுவதற்கு ஒன்றும் தெரியாத துரைமார்கள் இருக்கிறார்கள். ஆகவே எவனும் புலவன் என்று நாடு சுற்றலாம் என்று அந்தப் பாட்டு அங்கலாய்க்கிறது. குட்டு, காது, தலை. இன்றைய பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அதற்கே மாணவர்கள் முகம் வாடிப்போகிறார்கள்.

ஒட்டக்கூத்தரைப் பற்றி ஜாக்கிரதையாகத்தான் எழுதவேண்டும். மூன்று சோழ ராஜாக்களுக்கு அவைப்புலவர். 'கவிராட்சசன்' என்று பட்டம். ராட்சசன் என்றால் வசவு என்று நினைக்கிறோம். அவருக்கு அது விருது. அத்தனை பெரியவரைக் கதைகாரர்கள் தயிர் கடைகிற பெண்ணிடம் தோற்கவைத்தார்கள். கம்பர் ராமாயணத்தில் நீர்த்துளியைத் 'துமி' என்று பாடினாராம். அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை, எங்கே வழக்கு என்று கூத்தர் பிடித்துக்கொண்டார். கம்பர் அவரையும் சோழனையும் இடைச்சேரிக்கு அழைத்துப் போனார். ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி தயிர் கடைந்துகொண்டே, "பிள்ளைகளா, தள்ளி நில்லுங்க, துமி தெறிக்கும்" என்றாள். தீர்ப்பு முடிந்தது. அவள் சரஸ்வதி என்று பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். சரஸ்வதி வராமலே நடந்திருக்கலாம் என்பது என் கட்சி. படிப்பை வைத்துக்கொண்டு ஆள் மடக்குகிறவனைப் பற்றித் தமிழன் சொன்ன கதைகளில் பாதி இப்படித்தான் தெருவில் முடிகிறது.

மீதிப் பாதியில் ஒரு சின்னப்பையன் வருவான். ஆளவந்தார் கதையை எடுத்துக்கொள்வோம். சோழன் அவையில் ஆக்கியாழ்வான் என்று ஒரு மகாபண்டிதன். மற்ற பண்டிதர்கள் எல்லாரும் தனக்கு வரி கட்டவேண்டும் என்று ஓலை அனுப்பி வசூல் செய்துவந்தான். படித்ததற்காகச் சம்பளம் வாங்குவது சரி, மற்றவன் படித்ததற்கு வரி வாங்குவது கொஞ்சம் அதிகம். வரி கட்ட முடியாமல் தவித்த மகாபாஷ்ய பட்டரிடம் ஒரு மாணவன் இருந்தான். பெயர் யமுனைத்துறைவன், நாதமுனிகளின் பேரன். அவன் ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பல்லக்கு அனுப்பினால் வந்து வாதம் செய்கிறேன் என்று பதில் சொல்லியனுப்பினான். அவையில் பையனைப் பார்த்ததும் ராணி அவன் கட்சி. ராஜா பண்டிதன் கட்சி. பந்தயம் பாதி ராஜ்யம். அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எப்படி நடந்ததோ.

பையன் மூன்று வாக்கியம் சொன்னான். "உங்கள் தாயார் மலடி அல்ல. ராஜா தர்மம் தவறாதவர். ராணி பதிவிரதை. எங்கே, மறுத்துப் பேசுங்கள் பார்க்கலாம்." எதைச் சொன்னாலும் மறுத்தே பழகிய வாய் முதல்முறையாக அடைத்துப்போயிற்று. முதலாவதை மறுத்தால் தான் பிறக்கவே இல்லை என்று ஆகும். அடுத்த இரண்டையும் மறுத்தால் பிறந்ததும் வீண் என்று ஆகும்; கழு மரம் பக்கத்தில்தான். நீயே மறுத்துக் காட்டு என்றார்கள். ஒரு மரம் தோப்பாகாது, ஒற்றைப் பிள்ளை பெற்றவளும் சாஸ்திரப்படி மலடிக்குச் சமம் என்று பையன் ஆரம்பித்து, மற்ற இரண்டையும் அதேபோல் சாஸ்திரத்தை வைத்தே தாண்டினான். கூர்ந்து பார்த்தால் பையன் செய்ததும் பண்டித வித்தைதான். நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் வரி போட்டவன் மாட்டிக்கொள்ளும்போது நியாயம் யாருக்கு வேண்டும்? ராணி ஓடிவந்து 'எம்மை ஆளவந்தீரோ' என்று தூக்கிக்கொண்டாள். பெயர் அதுவே நிலைத்தது.

வில்லியின் காதறுப்புக்கும் ஒருநாள் இப்படி முடிவு வந்தது. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் துறட்டியும் கையுமாகத் திரிந்தார் என்கிறது கதை. வாதத்தின் விதி சுருக்கம்: தோற்றவன் காது போகும். திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் எதிரில் வந்தார். இருவர் காதிலும் துறட்டி மாட்டியாயிற்று. அருணகிரி கந்தரந்தாதியைப் பாடப் பாட, வில்லி உடனுக்குடன் உரை சொன்னார். ஐம்பத்து மூன்று பாட்டுவரை தடங்கலில்லை. ஐம்பத்து நாலாவதை அருணகிரி முழுக்க முழுக்கத் தகர வரிசை எழுத்துகளாலேயே பாடினார். நாலு வரியும் மத்தளச் சொல் மாதிரி ஓடும். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. வில்லி விழித்தார். துறட்டியின் இன்னொரு முனை யார் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் அவர் கவனித்திருப்பார். அருணகிரி காதை அறுக்கவில்லை. துறட்டியைக் கீழே போடச் சொன்னார், அவ்வளவுதான். பாட்டுக்குப் பொருளையும் அவரே சொன்னார். எதிராளிக்குப் புரியாதபடி பாடி ஜெயிப்பது என்ன வகை நியாயம் என்று சபையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாரும் தங்கள் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்த ஊர்வலத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் காளமேகம். சமையற்காரர். கோயில் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தவர். திருவானைக்காவில் அம்பாள் வாயில் போட்ட தாம்பூலத்தால் பாட்டு வந்தது என்பது கதை. பள்ளிக்கூடச் சான்றிதழ் எதுவும் கிடையாது. இவர் திருமலைராயன் பட்டினத்துக்குப் போகிறார். ஊர் இன்றும் காரைக்காலை அடுத்து இருக்கிறது. அங்கே அதிமதுரகவி என்பவர் அவைத் தலைமைப் புலவர். அவருக்குக் கீழே அறுபத்து நாலு பேர், ஆளுக்கொரு பல்லக்கு. அதிமதுரம் தொண்டைக்கட்டுக்குப் போடுகிற மருந்து. அன்றைக்கு அதை மருந்தாக இல்லாமல் விருதாகக் கட்டியங்காரர்கள் தெருவெல்லாம் கத்திக்கொண்டு வந்தார்கள். ஓரத்தில் நின்றவர்கள் எல்லாம் 'பராக்' சொல்லவேண்டும். ஒருத்தன் மட்டும் வாயைத் திறக்காமல் நிற்கிறான். சேவகன் அதட்டினான். காளமேகம் அந்த மொத்தப் பல்லக்கு வரிசையையும் கிண்டல் பண்ணி ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

அவைக்கு அழைத்தார்கள். எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து ராஜாவைப் பார்த்தார். உட்கார இடம் தரவில்லை. அறுபத்து நாலு பேரும் நகராமல் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் முழங்காலை அகட்டி உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. காளமேகம் சரஸ்வதியைப் பாடினார். ராஜாவின் சிம்மாசனமே நீண்டு பக்கத்தில் இடம் கொடுத்தது. புலவர்கள் விடவில்லை. எமகண்டம் பாடத் தயாரா என்றார்கள். பதினாறு அடிக்குப் பள்ளம் வெட்டி, நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, அடியில் நெருப்பு மூட்டி, அதன்மேல் எண்ணெய்க் கொப்பரை கொதிக்க, அதற்கும் மேலே உறி கட்டி அதில் ஆளை ஏற்றி, கழுத்திலும் இடுப்பிலும் கத்திகளைக் கட்டிச் சங்கிலிகளை யானைகள் கையில் கொடுத்து, கேட்கிற குறிப்புக்கெல்லாம் தயங்காமல் பாட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஒரு சீர் இடறினால் யானை இழுக்கும்.

பாட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எண்ணெய்க் கொப்பரை எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காளமேகம் உறியில் ஊசலாடிக்கொண்டே கேட்டதற்கெல்லாம் பாடி முடித்துக் கீழே இறங்கினார். எதிரில் இருந்த உறியைக் காட்டி, இப்போது நீங்கள் ஏறுங்கள் என்று அவர் சொல்ல, அறுபத்து நாலு பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ராஜா மரியாதை செய்யவில்லை என்றதும், இந்த ஊரில் மண்மாரி பொழியட்டும் என்று பாடிவிட்டுப் புறப்பட்டுப் போனாராம். பல்லக்கு, கட்டியம், அதிமதுரம் எல்லாவற்றின் மேலும் மண் விழுந்தது என்று கதை முடிகிறது. மடைப்பள்ளிக்காரன் விட்ட சாபம். இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் யாரும் பல்லக்கில் போனவர்கள் இல்லை, பல்லக்குத் தூக்கினவர்கள்.

பெருமையடித்தால் ஆபத்து என்று தெரிந்ததும் புலவர்கள் வழியை மாற்றினார்கள். அவையடக்கம் ஏற்கெனவே இருந்த வழிதான். அதன் அருமை இப்போதுதான் புரிந்தது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை நான் என்றார் கம்பர். கடலைக் குடிக்க ஆசைப்பட்ட நாய் நான் என்றார் சேக்கிழார். சொன்னபடி அவர்கள் கையை எடுத்துவிட்டார்களா? பூனை பத்தாயிரம் பாட்டுப் பாடியது. நாய் நாலாயிரத்துக்கும் மேல் பாடியது. பெரியவர்கள் செய்தால் அழகாக இருக்கிறது. அதையே நம் ஊர்க் கூட்டங்களில், "எனக்கு ஒன்றும் தெரியாது, இருந்தாலும் இரண்டு வார்த்தை" என்று எழுந்து முக்கால் மணி நேரம் உட்காராதவரிடம் கேட்கும்போது, காதறுத்த காலமே தேவலை என்று படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியது. கட்டியங்காரனுக்குச் சம்பளம் மிச்சம். அவன் வேலையைச் சிறப்புப்பாயிரம் செய்தது. புத்தகத்தைத் திறந்தால் முதலில் இன்ன மடத்து வித்துவான், இன்ன சமஸ்தானப் புலவர், இன்ன பள்ளித் தமிழ்ப் பண்டிதர் என்று வரிசையாக நின்று நூலாசிரியரை வாழ்த்துவார்கள். அவர்கள் எல்லாரையும் கடந்து நூலுக்குள் போவதற்குள் இருட்டிவிடும். எட்டுக் காரியங்களை ஒரே நேரத்தில் கவனிக்கிறவர் அஷ்டாவதானி, நூறு காரியங்களைக் கவனிக்கிறவர் சதாவதானி என்று மேடை வித்தையும் நடந்தது. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கொடுப்பார், ஒருவர் முதுகில் நெல் மணியை எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில் எத்தனை விழுந்தது என்று சொல்லவேண்டும். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியது சாதாரண வேலை இல்லை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், மனைவி சொன்ன நாலு சாமானில் மூன்றை மறந்துவிட்டு வந்த ரசிகர்களுக்கும் அதே வீட்டில் ஒரு பட்டம் கிடைத்திருக்கும், ஏடுகளில் பதிவாகவில்லை.

இதற்குள் படிப்பு என்பதற்கே கப்பலில் வேறு சரக்கு வந்து இறங்கிவிட்டது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ்க் கட்சிக்காரனுக்காகத் தமிழ் தெரிந்த நீதிபதிக்கு முன்னால் தமிழ் வக்கீல் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவதை வைத்து வாங்கு வாங்கென்று வாங்குகிறார். கட்சிக்காரன் பாவம், தனக்காகப் பேசுகிறானா எதிராகப் பேசுகிறானா என்று தெரியாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அருணகிரி ஐம்பத்து நாலாம் பாட்டில் செய்ததை இவர்கள் தினமும் பத்துமணிக்குக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு செய்தார்கள். அந்தப் பரம்பரைக்குத் தெரு பிற்பாடு 'பீட்டர்' என்று பெயர் வைத்தது. "என்னடா, பீட்டர் விடுறியா?" என்றால் போதும், எப்பேர்ப்பட்ட ஆங்கில வாக்கியமும் பாதியில் நின்றுவிடும்.

அதே தஞ்சை ஜில்லாவில் மறு வருடம், 1880 அக்டோபர் 21. கும்பகோணத்துக்குப் புது முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கக் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் போகிறார். வயது இருபத்தைந்து. பெயர் சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்தப் பெயரைச் சொன்னால் சோழநாட்டில் கதவு தானாகத் திறக்கும். சொன்னார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தாதிகளை ஆரம்பித்தார்: இந்த அந்தாதி, அந்த அந்தாதி, இன்ன தலத்து அந்தாதி. அவை தீர்ந்ததும் பிள்ளைத்தமிழ். பிறகு உலா, கோவை, புராணம், கம்பராமாயணம். கேட்கிறவர் எப்போது அசந்துபோவார் என்று பார்த்துக்கொண்டே அடுக்குகிறார். முதலியாரோ இதெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டார். பிறகு, சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்றார்.

ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் படித்ததில்லை. கமகனாக இருந்தால் அந்த இடத்தில் சிந்தாமணிக்குப் பொருள் விரித்திருப்பான். ஐயர் புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துவிடும் தைரியம் உண்டு என்றார். கொஞ்சம் ரோஷம்தான். முதலியார் அதற்கும் தயாராக இருந்தார். சிந்தாமணியைக் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தால் தெரிந்த தமிழ் மாதிரியே இருக்கிறது, பொருள் மட்டும் பிடிபடவில்லை. எந்த அந்தாதியும் உதவிக்கு வரவில்லை. காலேஜ் தமிழ்ப் பண்டிதர் கும்பகோணத்து ஜைனர்களிடம் போய், அவர்கள் மதத்துச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது 1887-இல். முதலியார் ஒரு நாள் குடைந்த குடைச்சலுக்கு ஏழு வருடம்.

அவருக்கு 1906-இல் அரசாங்கம் மகாமகோபாத்தியாயப் பட்டம் கொடுத்தது. 1925-இல் தாட்சிணாத்திய கலாநிதி. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் ஆக்கியது. ஜனங்கள் மூன்றையும் ஒருபக்கம் வைத்துவிட்டுத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். பாசம் ஒரு காரணம். தாட்சிணாத்திய கலாநிதி என்பதைப் பல் சுளுக்காமல் சொல்லக்கூடியவர்கள் ஊரில் குறைவு என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம்.